லூமிர் கணக்கில் நாலு மீன்

பெர்னடீன் வாவ்ராவுக்கு மூக்கின் மேல் கோபம் என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். மூக்கின் மேல் என்ன, காலையில் செருப்பை மாட்டுவதற்கு முன்பே அவள் கோபத்தை மாட்டிக்கொண்டுதான் படுக்கையை விட்டு இறங்குவாள். இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். தலையைத் திருப்ப மாட்டாள். மேலே இருக்கிற நீளக் கண்ணாடியில் ஒரு முறை முறைத்தால் போதும், கடைசி வரிசையில் எழுந்து நின்று ஆடும் தடியன்கூடச் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுவான். ஓய்வு பெற்றபோது கண்ணாடி போனது, முறைப்பு போகவில்லை. அதைக் கொண்டு போய்ப் பூங்காக் குளத்தில் வைத்தாள்.

குளம் என்றதும் பெரிய ஏரி என்று நினைத்துவிட வேண்டாம். பேஸ்பால் மைதானத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளம். சுற்றி வரக் கால் மணி நேரம்கூட ஆகாது. அதில் தானாக ஒரு ட்ரௌட் மீனும் பிறக்காது. மார்ச் மாதம், தவக்காலம் பார்த்து மீன் பண்ணை லாரி வரும். குழாயை நீட்டி எழுநூறு மீனை உள்ளே கொட்டிவிட்டுப் போகும். பாதி ஊர் கத்தோலிக்கர்கள், வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார்கள். லாரி வந்த அன்றிலிருந்து மடக்கு நாற்காலியும் காப்பிக் குடுவையுமாகக் கரை நிறைந்துவிடும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு மீன். அவரவர் மீனை அவரவரே பிடிக்க வேண்டும். இது கரையில் ஒரு பலகையில் எழுதியிருக்கிறது. எல்லோரும் அதை ஒரு தடவை படித்திருப்பார்கள். பெர்னடீனுக்கு மனப்பாடம்.

யாராவது ஐந்தாவது மீனைச் சட்டைக்குள் ஒளித்தால், சின்ன மீனை நைசாகத் தண்ணீரில் விட்டுப் பெரியதைக் கயிற்றில் கோர்த்தால், அவள் எந்தச் சமாதானமும் கேட்கமாட்டாள். போனை எடுத்து மீன்வளக் காவலரைக் கூப்பிடுவாள்.

போன வசந்தத்தில் அகப்பட்டவன் டுவேன் சிமெக். லாரி ஓட்டிக் களைத்த மனிதன், வாவ்ரா வீட்டுக்கு அடுத்த தெரு. தொண்ணூற்றொரு வயதுத் தாயைக் காரில் உட்காரவைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, தன் நாலு மீனைப் பிடித்தான். பிறகு அம்மாவின் நாலையும் பிடிக்க ஆரம்பித்தான். பெர்னடீன் நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"யாருக்குடா இது?"

"அம்மாவுக்குத்தான் பெர்னடீன். அவங்க பேர்லயும் லைசன்ஸ் இருக்கு. இதோ, இங்கதானே உக்காந்திருக்காங்க."

"உக்காந்திருந்தா ஆச்சா? அவங்க கையில தூண்டில் இருந்துச்சா?"

"தொண்ணூத்தோரு வயசு அவங்களுக்கு!"

"நான் வயசக் கேக்கல. கையில தூண்டில் இருந்துச்சா?"

அவள் போனை எடுத்தாள், காவலர் வந்தார். அபராதம் போட்டார், அம்மாவின் நாலு மீனையும் எடுத்துக்கொண்டார், அந்தப் பருவம் முடியும்வரை டுவேன் தூண்டிலைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கிழவி காருக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் மாதம் அவள் இறந்துபோனாள். சாவு வீட்டுக்குப் பெர்னடீன் ஒரு தட்டு நிறைய ஹாம் சாண்ட்விச் கொண்டு போனாள். அங்கே அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பாள். சொல்லாமல் விட்டதுதான் அவளை உள்ளே போட்டுக் குடைந்தது.

சட்டம் என்னவோ அவள் பக்கம்தான். அதை யார் இல்லை என்றார்கள்?

செப்டம்பரில் லூமிர் விழுந்தான். லூமிர் அவள் புருஷன், எழுபது வயது. தானியக் கிடங்கில் நாற்பது வருடம் மூட்டையும் தூசியுமாக இருந்த ஆள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மிச்சத்தைப் பெர்னடீன் பேசிவிடுவாள். காலையில் காப்பிக் கோப்பை கையிலிருந்து நழுவியது, அதற்குப் பின்னால் ஆளும் நழுவினான். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் இழுத்துக்கொண்டது. பேச்சு வரும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் கிணற்றிலிருந்து இறைத்த மாதிரி நேரமெடுத்து வரும். அவன் ஒரு சொல்லை இறைத்து முடிப்பதற்குள் பெர்னடீன் வாக்கியத்தை முடித்துவிடுவாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். இடது கையைப் பழக்குங்கள் என்று சொன்ன மருத்துவமனைப் பெண் மேல் ஆத்திரம். சொல்லிவிட்டுப் போய்விடுவாள், விழுந்தால் தூக்குவது யார்? ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற வானத்தின் மேல் ஆத்திரம். விழுந்துவிட்டானே என்று லூமிர் மேலேயே ஆத்திரம். அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டாள், இறைச்சியை வெட்டிக் கொடுத்தாள், வாயைத் துடைத்தாள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். கோபத்தை விட்டால் அழுகைதான் வரும் என்று அவளுக்குத் தெரியும், அழ அவளுக்கு நேரமில்லை.

எல்லாவற்றையும்விட, "பாவம் லூமிர்" என்ற பேச்சு அவளுக்கு ஆகவே ஆகாது. தேவாலயத்தில் பாவம் லூமிர். மளிகைக் கடையில் பாவம் லூமிர். பிப்ரவரியில் டுவேன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நூடுல்ஸும் கோழியும் போட்டுச் சுட்டு எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"பாவம் லூமிர், சூடா ஏதாவது சாப்பிடட்டுமேன்னு."

"அவனுக்கு இங்க சோறு கிடைக்கலன்னு யார் சொன்னா?"

"நான் அப்படிச் சொல்லல பெர்னடீன்."

"சொல்லாமத்தான் கொண்டுவந்து நிக்கிறியா?"

அவன் பாத்திரத்தை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் ஊரில் இன்னொரு வீட்டுப் பாத்திரம் வந்தால் மூன்றாம் நாள் கழுவித் துடைத்து, உள்ளே ஏதாவது வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சண்டைக்காரனும் அதைச் செய்வான். பெர்னடீன் கோழியை வழித்துக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் பின்கட்டில் போட்டாள். ஒரு மாதம் அது அங்கேயே காய்ந்து கிடந்தது.

மார்ச் பிறந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். முப்பத்தொரு வருடமாக லாரி வந்த அன்று வாவ்ரா வீட்டுக்கு எட்டு மீன் வரும். அவன் நாலு, இவள் நாலு. சோளமாவில் புரட்டிப் பொரித்து வெள்ளிக்கிழமை தின்பார்கள். இந்த வருடமும் எட்டுதான் வரும். ஊர் பார்க்கட்டும். லூமிர் வாவ்ரா தீர்ந்து போய்விட்டான் என்று எந்த வாயாவது சொல்லட்டும், பார்க்கலாம்.

புதன்கிழமை லாரி வந்தது. மதியம் அவள் லூமிரைக் காரில் ஏற்றி, கம்பளி சுற்றி, குளத்துக்குக் கூட்டி வந்தாள். வில்லோ மரத்தடியில் அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் டுவேன் நாற்காலி போட்டிருந்தான்.

"எந்திரி" என்றாள்.

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன். லூமிருக்கு இப்ப..."

"இப்ப என்ன? செத்தா போயிட்டான்? கருமாதி முடிஞ்ச மாதிரி எடத்தப் பிடிச்சு வெச்சிருக்க! எந்திரி!"

டுவேன் எழுந்து எதிர்க்கரைக்குப் போனான். போன வருடம் அம்மாவை உட்காரவைத்து அவன் கார் நிறுத்திய இடம் அதுதான்.

பெர்னடீன் லூமிரை உட்காரவைத்து, பொத்தானை அழுத்தினால் நூல் ஓடும் அவனுடைய பழைய ரீல் தூண்டிலை ஒரு கவட்டைக் கம்பில் சாய்த்து அவன் முன்னால் நட்டாள். பக்கத்தில் தன்னுடையது. இரண்டு முள்ளிலும் ஆரஞ்சு நிற இரை மாவை உருட்டி வைத்தாள், இரண்டையும் அவளே வீசினாள். முதலில் லூமிர் தூண்டில்தான் ஆடியது. அவன் இடது கையை மெல்ல நீட்டினான்.

"சும்மா உக்காரு. கைய உள்ள வை, சளி பிடிக்கும்!"

கையைத் தட்டிவிட்டு அவளே இழுத்துக் கரையில் போட்டாள். பன்னிரண்டு அங்குலம், வயிறு மின்னியது. தனிக் கயிற்றில் கோர்த்தாள். "இது உன்னோடது" என்றாள். லூமிர் மீனைப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை ஆடியபோதும் கை வந்தது. மறுபடி தட்டினாள். அதற்குப் பிறகு அந்தக் கை கம்பளிக்குள் போனது, வெளியே வரவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் எட்டு மீன். ஒரு கயிற்றில் நாலு, இன்னொரு கயிற்றில் நாலு. பெர்னடீன் இரண்டையும் உயரத் தூக்கிக் கரை முழுக்கப் பார்க்கும்படி ஒரு ஆட்டு ஆட்டினாள்.

அப்போதுதான் காவலரின் பச்சை வண்டி வந்து நின்றது. இறங்கியது புதிதாக வேலைக்கு வந்திருந்த டாட்டம் என்ற பெண். பெர்னடீன் ஓட்டிய பேருந்தில் எட்டு வருடம் பள்ளிக்குப் போனவள்.

"வணக்கம் மிஸஸ் வாவ்ரா. லைசன்ஸ் பாக்கலாமா?"

"என்கிட்டயா கேக்குற? மூணாவது சீட்ல உக்காந்து வாரம் ஒரு தடவ வாந்தி எடுத்தவ நீ. தொடச்சது யாரு?"

"நீங்கதான். லைசன்ஸ் குடுங்க."

பெர்னடீன் இரண்டு அட்டையையும் நீட்டினாள். டாட்டம் பார்த்தாள், பிறகு கயிறுகளைப் பார்த்தாள்.

"எது யாரோடது?"

"இந்த நாலு என்னோடது. அந்த நாலு அவரோடது."

டாட்டம் குனிந்து லூமிரின் முகத்துக்கு நேராக வந்தாள். "சார், இந்த நாலும் நீங்க பிடிச்சதா?"

"ஆமா, அவர்தான்" என்றாள் பெர்னடீன்.

"நான் அவரக் கேட்டேன்."

"அவருக்குப் பேச நேரமாகும். ஊரே பாக்குது, ஒரு சீக்காளிய நிக்கவெச்சுக் கேள்வி கேக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்" என்று டாட்டம் அப்படியே குந்தி உட்கார்ந்தாள்.

லூமிரின் வாய் கோணியது. பெர்னடீன் உதவிக்கு வாயைத் திறந்தாள். அவன் இடது கை கம்பளிக்குள்ளிருந்து வந்து அவள் முகத்துக்கு முன்னால் நின்றது. பேசாதே என்று நின்றது.

"இல்ல" என்றான் லூமிர்.

பெர்னடீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒண்ணு... கூட... இல்ல. தொடவே... விடல." அவன் முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. வெட்கத்தால் அல்ல, முப்பத்தொரு வருடத்தில் அவள் அந்த முகத்தில் பார்க்காத கோபம் அது. "ஆறு மாசமா... எதையும்... தொட விடல. நான் செத்துட்டேனா... பெர்னடீன்?"

கரையில் ஒரு ரீல்கூடச் சுற்றவில்லை. டுவேனைப் பார்த்து அவள் கேட்ட கேள்வியை, எல்லோர் முன்னாலும் அவன் அவளைப் பார்த்துக் கேட்டுவிட்டான்.

டாட்டம் பெர்னடீன் பேரில் எழுதினாள். டுவேனுக்கு எழுதிய அதே தாள், அதே வரி. இந்தப் பருவம் முடியும்வரை தூண்டில், முள், வலை எதையும் தொடக் கூடாது. "இந்த நாலு மீன மட்டும் எடுத்துக்குறேன்" என்றாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ! எட்டையும் எடு! உங்க ஆபீஸ்ல பொரிச்சுத் தின்னுங்க!" பெர்னடீன் இரண்டு கயிற்றையும் அவள் காலடியில் வீசினாள். பிறகு எதிர்க்கரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். "டேய் டுவேன்! நீதானே போன் போட்ட?"

"நான் போடல" என்றான் டுவேன். தண்ணீருக்கு மேலே அவன் குரல் நிதானமாக வந்தது. "போட்டிருக்கணும்."

இரவுச் சாப்பாட்டுக்குப் பன்றி இறைச்சித் துண்டை வைத்து வழக்கம்போல் கத்தியை எடுத்தாள். லூமிர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முழுத் துண்டையும் முட்கரண்டியில் குத்தித் தூக்கி, நாய் மாதிரி ஓரத்திலிருந்து கடித்தான். தாடையில் குழம்பு வழிந்தது. அவள் துடைக்கவில்லை. போலீஸில் காட்டிக் கொடுத்த புருஷனுக்கு எவள் வாயைத் துடைப்பாள்? வயிறு எரிந்தது அவளுக்கு. காட்டிக் கொடுத்தான் என்று எரிந்தது. அவன் சொன்னது பொய்யில்லை என்பதால் இன்னும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வெளியே வந்தபோது லூமிர் காரில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. மடியில் தூண்டில்.

"இறங்கு" என்றாள்.

"ஓட்டு" என்றான்.

ஓட்டினாள். வில்லோ மரத்தடி காலியாக இருந்தது. யாரும் அங்கே நாற்காலி போட்டிருக்கவில்லை. பெர்னடீன் ஐந்தடி தள்ளித் தன் நாற்காலியைப் போட்டு, கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொட்டால் குற்றம். எத்தனை கண்கள் பார்க்கின்றன என்று அவளுக்குத் தெரியாதா?

அவன் முள்ளை நாற்காலிக் கையில் தொங்கவிட்டு, மாவைத் தொடையில் தேய்த்து உருட்டி, முள்ளில் அழுத்தினான். விழுந்தது. மறுபடி உருட்டினான். விழுந்தது. நாலாவது தடவை நின்றது. இடது கையால் வீசினான். முள் அவன் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது வீச்சு அவள் கோட்டுக் கையில் வந்து மாட்டியது.

"குருடா! மீன் அங்க இருக்கு!"

"அசையாத" என்று சொல்லி, ஐந்து நிமிடம் எடுத்து, அவனே கழற்றினான்.

பதினொரு மணிக்குத் தக்கை அமிழ்ந்தது. தூண்டில் பிடியை முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் சுற்றினான். மீன் கரைக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து புரண்டது. பெர்னடீன் தன்னை மறந்து பாய்ந்தாள், நூலைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

"தொடாத!"

செப்டம்பருக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் கத்தல் அது. பேஸ்பால் மைதானம்வரை கேட்டது. அதிர்ச்சியில் நூல் தளர்ந்தது, மீன் ஒரு உதறு உதறிவிட்டுப் போயே போய்விட்டது.

"போச்சு! உன்னாலதான் போச்சு, கிழட்டுக் கழுதை!"

"உன்னால! நீ... வந்து... நின்ன!"

"நான் வரலன்னா மட்டும் கிழிச்சிருப்பியா?"

"கிழிச்சிருப்பேன்!"

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை எதிர்த்துக் கத்தியதில்லை. கரையில் இருந்தவர்கள் தங்கள் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் காது முழுக்க இங்கேதான். அன்றைக்கு வாவ்ரா வீட்டில் முட்டைதான். அடுத்த நாள் மளிகைக் கடையில் யாரும் பாவம் லூமிர் என்று சொல்லவில்லை. அந்த லூமிருக்கு என்ன வாய் பாத்தியா என்றுதான் பேசிக்கொண்டார்கள். பெர்னடீன் காதில் அது விழுந்தது, அவள் பால் டப்பாவைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கூடையில் போட்டாள்.

தினமும் போனார்கள். தினமும் சண்டை. சனி, ஞாயிறு, திங்கள், ஒரு மீனும் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று மாட்டியது. பெர்னடீன் கைகளைத் தொடைக்கடியில் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். உதட்டைக் கடித்தாள், கத்தவில்லை. லூமிர் சுற்றினான், சுற்றினான், மீன் புல் மேல் ஏறித் துள்ளியது. நல்ல காலைத் தூக்கி மெதுவாக அதன் மேல் வைத்தான். பத்து அங்குலம்கூட இருக்காது. மூச்சு வாங்க அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அவள் சோளமாவை எடுத்தபோது, லூமிர் சமையலறை வாசலில் கோலை ஊன்றி நின்றான்.

"டுவேனோட... பாத்திரம்... எங்க?"

"எதுக்கு?"

அவன் மீனைக் காட்டினான்.

"ஒரே ஒரு மீனு! அஞ்சு நாள் உயிர வாங்கிப் பிடிச்ச ஒரே ஒரு மீனு! அத அவனுக்கா?"

"அவங்கம்மாவுக்கு... நாலு... வரணும்" என்றான் லூமிர். "இது... ஒண்ணு."

பெர்னடீன் அவனைப் பேருந்துக் கண்ணாடியில் முறைப்பது போல முறைத்தாள். அவன் உட்காரவில்லை. பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை எடுத்து வந்தாள். ஒரு மாதத்துச் சாறு கல்லாகக் காய்ந்திருந்தது. வெந்நீர் ஊற்றி, கம்பி நார் போட்டு, கண்ணாடி தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும் போலத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே டுவேனைத் திட்டினாள், டாட்டத்தைத் திட்டினாள், லூமிரைத் திட்டினாள். கடைசியில் யாரைத் திட்டுகிறாள் என்றே தெரியாமல் தேய்த்தாள். கண்ணில் சோப்புத் தண்ணீர் பட்டுவிட்டது என்று தோளில் துடைத்துக்கொண்டாள்.

டுவேன் கதவைத் திறந்தபோது பாத்திரத்தை அவன் மார்பில் இடிப்பது போல நீட்டினாள். உள்ளே பொரித்த மீன், சூடு ஆறாமல்.

"கழுவிட்டேன்" என்றாள்.

டுவேன் மேலே மூடியிருந்த காகிதத்தைத் தூக்கிப் பார்த்தான். பிறகு அவள் முகத்துக்கு நேராகக் கேட்டான்.

"லூமிர் கையில தூண்டில் இருந்துச்சா?"

ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் பெர்னடீன் அடித்திருப்பாள்.

"இருந்துச்சு" என்றாள். "உங்கம்மாவுக்குத்தான் அன்னிக்கு இல்ல. அதுக்கு நான் போன் போட்டிருக்க வேண்டியதில்ல."

டுவேன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான். அவள் திரும்பி நடந்தாள். லூமிர் தனியாகச் சட்டையைக் கழற்ற முயன்றுகொண்டிருப்பான், இன்னும் மூன்று மீன் பாக்கியிருந்தது.